தங்கக் குண்டுக்கு வைத்த பொட்டு

சென்ற மாதம் பௌதிகவியல் துறையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரைக்கு வந்திருக்கும் தொழினுட்ப உத்தியோகத்தர் கதைத்தார்.

"ஐயா, கரவெட்டி ஆய்வுகூடப் பெட்டிக்குள்ளை இனி ஆரும் கை விடேலாது. எல்லாத்தையும் ஒரு இயந்திரக் கை பாக்கும். மேலை கமராவும் பூட்டியாச்சு. நீங்கள் கையாலை வேலை செய்த காலத்தைப் பற்றி எங்கடை மலருக்கு ஒண்டு எழுதித் தாங்கோவன்."

"என்னத்தை எழுதுறது தம்பி?"

"சரியா நடந்த விசயம் ஏதாவது எழுதுங்கோ."

சரியாக நடந்தவற்றையெல்லாம் பேராசிரியர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். எனக்கென்று மிஞ்சியிருப்பது சரியாக நடக்காத ஒன்றுதான். அதை எழுதலாமா என்று பேராசிரியர் திலகேஸ்வரியிடம் கேட்டேன். "எழுதுங்கோ. ஆனால் என்னை நல்லவளாக் காட்ட வேண்டாம், ஆரும் நம்பாயினம்" என்றார். அனுமதி கிடைத்ததால் எழுதுகிறேன்.

உயர்தரம் எழுதிவிட்டு ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. முதற் பத்து வருடத்தில் கற்றதை ஒரு பந்தியில் அடக்கிவிடலாம். குடுவை கழுவுவது, உடைந்த குடுவைக்குக் காரணம் எழுதுவது, மின்சாரமே இல்லாத ஊரில் மின்னியல் செய்முறை வகுப்பு நடத்துவது. கடைசி விசயம் எப்படியென்று பலர் கேட்பதுண்டு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்னோட்டத்தை மாணவர்கள் அளந்தார்கள். சுற்றியவன் நான். அன்றைக்கு அளந்தவர்கள் எல்லாரும் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். என் வலது தோள் மட்டும்தான் நல்ல நிலையில் இல்லை.

அதற்குப் பிறகு பல வருடம் வானொலி திருத்துவதும் கண்ணாடி ஊதுவதுமாகப் போயிற்று. நான் ஓய்வு பெறப் பத்து வருடம் இருக்கையில் பேராசிரியர் திலகேஸ்வரி வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தார். எங்களுக்கு அவர் 'மிஸ்'. வந்த முதற் கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு குடாநாடு முழுக்க அலைந்தார். ஆட்டம் அசைவு இல்லாத ஓர் அறை தேவை என்றார். கொழும்புத்துறையில் ஒரு கட்டடம் பார்த்தோம், கடற்காற்று உப்பென்று விட்டுவிட்டார். கடைசியில் கரவெட்டியில், ஒரு காலத்தில் புகையிலைக் கிட்டங்கியாக இருந்த கல்வீடு ஒன்று பிடித்துப்போயிற்று. இரண்டு முழ அகலச் சுவர். கீழே சுண்ணக்கல். மூன்று தரம் வெள்ளை அடித்தும் அறைக்குள் புகையிலை வாசம் போகவில்லை. சுருட்டை விட்டு எட்டு வருடமான எனக்கு அங்கே வேலை செய்தது பெரிய சோதனையாக இருந்தது.

என்ன வேலை என்று மிஸ் எனக்கு விளங்கப்படுத்திய நாள் நல்ல நினைவிருக்கிறது.

"அருளண்ணை, உலகத்தை விளக்க எங்களிட்டை ரெண்டு கணக்கு இருக்குது. ஒண்டு அணு, இலத்திரன் மாதிரிச் சின்னச் சாமானுக்கு. அது குவாண்டம். மற்றது பூமி, சூரியன் மாதிரிப் பாரமான சாமானுக்கு. அது ஈர்ப்பு. தனித்தனியப் பாத்தால் ரெண்டும் சரி. ஒண்டோடை ஒண்டு சேராது."

"ஒரு வளவுக்குள்ளை இருக்கிற ரெண்டு சகலன்மார் மாதிரியோ மிஸ்?"

"ஓம். கலியாண வீட்டிலை கூடக் கதைக்காயினம்."

சின்னச் சாமான் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கக்கூடும் என்பது முதற் கணக்கு. பாரம் உள்ள எதுவும் பக்கத்தில் இருப்பதைத் தன் பக்கம் இழுக்கும் என்பது இரண்டாவது கணக்கு. அப்படியென்றால் இரண்டு இடத்தில் இருக்கும் சாமான் எந்த இடத்திலிருந்து இழுக்கும்? இதுதான் கேள்வி. இதைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் மிகச் சிறிய பொருளின் இழுவையை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாடுகளில் நாலைந்து ஆய்வுகூடங்கள் இதற்காகக் குண்டுகளைச் சிறிதாக்கிக்கொண்டே போகின்றன. எங்கள் பெட்டியும் அந்த வரிசையில் ஒன்று, கொஞ்சம் பின்னால் நின்றது.

இரண்டு இடத்தில் இருப்பது எனக்குப் பெரிய புதினமாகப் படவில்லை. வரவுப் பதிவேட்டின்படி கந்தோரிலும், கண்ணால் கண்டவர்கள் சொன்னபடி நல்லூர்த் தேரிலும் ஒரே நேரத்தில் நின்ற உத்தியோகத்தர்களை நான் அறிவேன்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு முழ நீளத் தங்குதன் இழை, தலைமயிரைவிட மெல்லியது, மேலிருந்து தொங்கும். அதன் அடியில் ஒரு சின்னத் தடி குறுக்காக நிற்கும். தடியின் இரு நுனியிலும் குண்டு. அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் வேறொரு குண்டை மோட்டர் மெதுவாகக் கொண்டுவரும், பிறகு விலத்தும். வெளிக் குண்டு கிட்ட வரும்போது உள் குண்டு அதன் பக்கம் திரும்பும். திரும்புவது கண்ணுக்குத் தெரியாது. தடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டில் லேசர் பட்டு, எதிர்ச் சுவரில் ஒளிப்புள்ளி நகர்வதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டிக்குள் காற்று இருக்கக் கூடாது. உறிஞ்சி எடுக்க நாலு நாள் பிடிக்கும்.

இழையைக் கட்டுவது என் வேலை. மூச்சை அடக்கி, இரண்டு இடுக்கியால் பிடித்து, ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு துளி பசை வைக்க வேண்டும். தும்மினால் மூன்று கிழமை வேலை போய்விடும். ஒரு தரம் தும்மியிருக்கிறேன். மொத்தமாக மூன்று தரம் இழை அறுந்தது. மற்ற இரண்டுக்கும் நான் பொறுப்பில்லை.

மிஸ் போட்ட விதிகளைக் கேட்டுத் துறையில் சிரிக்காதவர்கள் இல்லை. அறைக்குள் வருபவர் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, முகத்துக்குப் பவுடர் பூசக் கூடாது, கம்பளி உடுக்கக் கூடாது. கடைசி விதி யாழ்ப்பாணத்தில் யாருக்கும் கஷ்டமாக இருக்கவில்லை. முதல் விதியால் என் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு நின்றது. "உங்கடை தலையைப் பாக்க, அடைகாக்கிற கோழி மாதிரிக் கிடக்குது" என்றாள் என் மனுசி கிரேஸ்.

அதைவிட மோசமான விதி ஒன்று இருந்தது. பாரம் உள்ளதெல்லாம் இழுக்கும் என்றேனே, நானும் பாரம் உள்ளவன்தான். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் குண்டு என் பக்கம் திரும்பும். ஆகவே நிலத்தில் மஞ்சட் கோடு ஒன்று போட்டு, அளவெடுக்கும் நேரம் அதற்கு இங்காலே நிற்கச் சொன்னார்கள். அதுவும் போதாதென்று மாதம் ஒருமுறை என் நிறையை எழுதிக் கொடுக்க வேண்டும். பெண்சாதிக்கே சொல்லாத இலக்கத்தை ஒரு பேராசிரியருக்கு ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் மருமகனின் கலியாணம் முடிந்த மாதம் மிஸ் அந்தத் தாளைக் கனநேரம் பார்த்தார். பிறகு கோட்டை ஓர் அடி பின்னுக்கு நகர்த்தினார்.

மிஸ் அதிகம் கதைக்க மாட்டார். அவருடைய பதில்கள் மூன்று வகை 'ம்'. குறுகிய 'ம்' என்றால் சரி, மேலே செய். நீண்ட 'ம்' என்றால் திரும்பச் செய். மூக்கால் வரும் 'ம்' என்றால் இன்றைக்கு ஒருவரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போக மாட்டார்கள். புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளில் நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இன்னொன்று, தொட்ட புத்தகம். தடித்த அட்டைக் கொப்பி ஒன்று அறை வாசலில் நூலில் கட்டித் தொங்கும். பெட்டிக்குள் யார் எதைத் தொட்டாலும் அதில் எழுத வேண்டும். திகதி, நேரம், ஆர் தொட்டது, எதைத் தொட்டது, எதனால் தொட்டது, காரணம் என்று ஆறு நிரல். அதைக் காப்பது என் பொறுப்பு. ஒன்பது வருடத்தில் ஒரு வெட்டுக் கொத்து இல்லை. அந்தப் புத்தகத்தை நம்பித்தான் மிஸ் வெளிநாட்டுக்காரரோடு வாதாடுவார். "எங்கடை அறையிலை எழுதாமல் ஒண்டும் நடக்காது" என்று அவர் கணினித் திரையைப் பார்த்துச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும்.

பெட்டியை வைத்துவிட்டோம் என்பதற்காக ஊர் அசையாமல் இருக்குமா? பின் காணியில் வெங்காயத்துக்கு இறைக்கும் பம்பு பதிவில் ரம்பப் பல்லாக விழும். கோயில் திருவிழாவில் வெடி போட்டால் அது ஒரு தூணாக எழும்பும். பனம்பழக் காலத்தில் பழம் விழுகிற ஒவ்வொரு தரமும் ஒரு சின்ன மேடு வரும். அயல் வீட்டுக்காரி ஒருநாள் வந்து, முந்தின நாள் பழம் எத்தனை மணிக்கு விழுந்ததென்று கேட்டாள். தன் வளவில் விழுந்ததை மற்றவர்கள் பொறுக்கிவிட்டார்களாம். நேரத்தைச் சரியாகச் சொன்னேன். அந்தச் சண்டையில் எங்கள் ஆய்வுகூடம் சாட்சியாக நின்றது மிஸ்ஸுக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது மிஸ் குண்டைக் கொத்தமல்லி விதை அளவுக்குக் குறைத்தார். முந்தின பெரிய குண்டுகளில் கணக்குச் சொன்ன இழுவையும் நாங்கள் அளந்த இழுவையும் ஒத்துப்போயிருந்தன. புதியவற்றைக் கன்னாதிட்டியில் ஒரு நகைத் தொழிலாளி பசும்பொன்னில் செய்து தந்தார். "தோட்டுக்கோ மூக்குத்திக்கோ?" என்று கேட்டார். ஈர்ப்புக்கு என்றேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. இந்த அளவிலும் இழுவை தெரிந்தால், கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் கடைசியாக என் பெயரையும் போடுவதாக மிஸ் சொல்லியிருந்தார். முப்பத்தேழு வருடத்தில் என் பெயர் எந்தக் கட்டுரையிலும் வந்ததில்லை. நான் கிரேஸிடம் சொன்னேன். கிரேஸ் போதகரிடம் சொன்னாள். போதகர் ஞாயிறு ஆராதனையில், நமது சகோதரர் ஒருவர் பூமியின் ஈர்ப்பை நிறுத்திவிட்டார் என்று அறிவித்தார். நிறுத்தவில்லை, நிறுத்துப் பார்க்கிறோம் என்று பிறகு வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன்.

புதிய குண்டுகளைப் பெட்டிக்குள் பொருத்திய நாள் விஜயதசமியாக அமைந்தது.

எங்கள் துறையில் வாணி விழா பெரிதாக நடக்கும். அதை நடத்துபவர் பிரதம எழுதுவினைஞர் சண்முகத்தார். பூசை முடிந்ததும் துறையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். நுணுக்குக்காட்டி, போட்டோப்பிரதி இயந்திரம், தேநீர்க் கேத்தல், வான், ஒன்றும் தப்பாது. அன்றைக்கும் பட்டணத்தில் பூசையை முடித்து, தட்டமும் ஒரு வாளி கடலையுமாகக் கரவெட்டிக்கு வானில் வந்து இறங்கினார். நெற்றி நிறையச் சந்தனம், தலை நிறைய எண்ணெய். விதிப்படி அவர் வாசலைத் தாண்ட முடியாது.

"ஐசே அருள், உள்ளை இருக்கிறதுக்கு நீர் வைச்சு விடும்" என்று சந்தனம் தோய்ந்த ஈர்க்கொன்றை நீட்டினார்.

"நான் வேதக்காரனெல்லே சண்முகத்தார்."

"அது உமக்கு. மிசினுக்கு என்ன சமயம்?"

"மிஸ் அறிஞ்சால் என்னைக் கொண்டுபோடுவா."

"போன வருசம் பொட்டு வைக்காமல் விட்ட பற்றரிக்கு என்ன நடந்தது? எரிஞ்செல்லே போனது. பிறகு உம்மடை விருப்பம்."

சொல்லிவிட்டு ஈர்க்கை என் கையில் தந்துவிட்டு, கடலை பிரிக்கப் போய்விட்டார்.

மிஸ் பூசைக்கு வருவதில்லை. வருடா வருடம் தன் பங்கைக் கொடுத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். பரிசோதனைக்கும் பூசைக்கும் இடையில் பத்தடி தூரம் வேண்டும் என்பது அவர் கொள்கை. அன்றைக்கும் பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் ஏன் வைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயம். மூன்று தரம் அறுந்த இழை அது. காலையில் கதவைத் திறக்குமுன் வழக்கம்போல ஜெபித்துத்தான் இருந்தேன். ஆனால் உதவிக்கு வருகிற இன்னொருவரை, அது வாணியே ஆனாலும், வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. கையுறையை மாட்டி, ஈர்க்கு நுனியால், வெளிக் குண்டின் பின்பக்கத்தில், ஊசித் துளை அளவு ஒரு பொட்டு வைத்தேன். ஒரு மெதடிஸ்தன் வைத்த பொட்டுக்கு அது நல்ல வட்டமாகவே வந்தது.

பிறகு தொட்ட புத்தகத்தை எடுத்தேன். எதனால் தொட்டது, ஈர்க்கு. அதுவரை எழுதலாம். காரணம் என்ற நிரலுக்கு என்ன எழுதுவது? பேனையை மூடிவிட்டு, பெட்டியின் மேல் சுத்தமான துணியைப் போட்டுவிட்டுக் கடலை தின்னப் போனேன். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பியபோது மிஸ் அறை வாசலில் நின்றார்.

"எல்லாம் சரியோ எண்டு பாக்க வந்தன்" என்றார்.

"சரி மிஸ்."

"ம்" என்றார். குறுகிய 'ம்'. பெட்டியை மூடிப் பம்பைப் போட்டேன்.

ஐந்தாம் நாள் முதல் அளவு வந்தது. இழுவை, கணக்குச் சொன்னதைப்போல ஒன்றரை மடங்கு.

மிஸ் ஒரு 'ம்' கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த நாளும் அதே அளவு, அதற்கடுத்த நாளும் அதே. மிகச் சிறிய பொருளில் ஈர்ப்பு வேறு மாதிரி நடக்கக்கூடும் என்று சொல்பவர்கள் உலகத்தில் உண்டு. அப்படி ஒன்று கரவெட்டிக் கிட்டங்கிக்குள் தெரிந்தால் அது சின்ன விசயம் இல்லை. இந்த வேலையில் கூட்டுச் சேர்ந்திருந்த வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குச் செய்தி எட்டி, கணினி வழிக் கூட்டம் ஒன்றுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மூன்று கிழமை தள்ளி, ஒரு வெள்ளிக்கிழமை. மிஸ் அதில் இந்த ஒன்றரை மடங்கை எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்த மூன்று கிழமையும் நாங்கள் காரணம் தேடினோம். வெங்காயக்காரரைக் கெஞ்சி இரண்டு நாள் பம்பை நிறுத்தினோம். பாரமென்று வாசல் இரும்புப் படலையைக் கழற்றி ஒழுங்கையின் கடைசியில் வைத்தோம், அதற்குள் இரண்டு மாடு வளவுக்குள் வந்துவிட்டது. வெப்பமானி பன்னிரண்டு வைத்தோம். என்னை இரண்டு நாள் வீட்டிலிருக்கச் சொன்னார்கள். நான் இல்லாதபோதும் ஒன்றரை மடங்குதான். என் நிறை குற்றவாளி இல்லை என்று எழுத்தில் நிரூபணமானது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். எல்லாம் பார்த்தோம், பெட்டியை மட்டும் திறக்கவில்லை. திறந்தால் திரும்ப நாலு நாள் போகும் என்றார் மிஸ்.

மூன்றாவது கிழமைத் திங்கட்கிழமை அவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று, பாதி எனக்கும் பாதி தனக்குமாகச் சொன்னார்.

"மின்னேற்றம் எண்டால் எல்லாம் பொருந்துது அருளண்ணை. சீப்பாலை தலை இழுத்துப்போட்டுக் கடதாசித் துண்டுக்குக் கிட்டப் பிடிச்சால் இழுக்குமெல்லே, அது. ஈர்ப்பை விட அது எவ்வளவோ பெலமான இழுவை. ஆனால் தங்கத்திலை மின்னேற்றம் நிக்காது, கம்பியாலை நிலத்துக்குத் தொடுத்திருக்குது. தங்கத்துக்கு மேலை மின் கடத்தாத ஏதாவது காய்ஞ்சு ஒட்டியிருந்தால்தான்..."

அதோடு நிறுத்திவிட்டார். வாசலுக்குப் போய்த் தொட்ட புத்தகத்தைப் புரட்டினார். "புத்தகத்திலை ஒண்டும் இல்லை" என்றார்.

"ஒண்டும் இல்லை மிஸ்" என்றேன்.

அந்த நிமிசத்தில்தான் சந்தனம் நினைவு வந்தது. காய்ந்த சந்தனம் நெற்றியிலிருந்து உதிராமல் எப்படி ஒட்டி நிற்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அன்றைக்கு வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழும்பினேன். கிரேஸ் கேட்டாள், சொன்னேன். முதலில் சிரித்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "வேதக்காரன் பொட்டு வைச்சு விஞ்ஞானத்தை மாத்திப்போட்டியள்" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

"சொல்லிப்போட்டியளோ?"

"என்னண்டு சொல்லுறது? முப்பத்தேழு வருசம் கையிலை ஒரு பழுது இல்லையெண்டு பேர் எடுத்தனான். ஐஞ்சு மாதத்திலை போகப்போறன். கட்டுரையிலை பேரும் வராது. புத்தகத்தையும் இனி ஆர் நம்புவினம்?"

"உங்கடை பேரை விடுங்கோ. வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை அத்தினை பேருக்கு முன்னாலை சந்தனத்தைக் காட்டி ஈர்ப்பெண்டு சொல்லப்போகுது. பிறகு தெரியவந்தால் ஆர் அவவை மதிப்பினம்?"

ஆனாலும் செவ்வாய் சொல்லவில்லை. புதனும் சொல்லவில்லை. இரண்டு நாளும் மிஸ்ஸின் அறை வாசல்வரை போய், தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். செவ்வாயன்று மட்டும் ஆறு தேத்தண்ணி குடித்திருப்பார். ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, என் முகத்தைப் பார்க்கவுமில்லை. விசயம் தெரிந்துவிட்டது, என் வாயால் வரட்டும் என்று காத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வியாழன் காலை ஞாயிறு ஆராதனைக்குப் போடும் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வெளியே மழை. மிஸ் கூட்டத்துக்கான வரைபடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"மிஸ், நான் ஒரு பிழை விட்டுட்டன்" என்று தொடங்கி, ஈர்க்கிலிருந்து கடலை வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

மூக்கால் வரும் 'ம்'முக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"எந்தக் குண்டு?"

"வெளிக் குண்டு. பின்பக்கம்."

"எவ்வளவு?"

"ஊசித் துளையளவு."

"குங்குமமும் வைச்சனீங்களோ?"

"இல்லை மிஸ். சந்தனம் மட்டும்தான்."

எழும்பி, கையுறையை எடுத்தார். "திறப்பம்" என்றார்.

பெட்டிக்குள் காற்றை மெதுவாக விட வேண்டும், அவசரப்பட்டால் இழை அறுந்துவிடும். இரண்டு மணித்தியாலம். மூடி திறந்ததும் சின்ன நுணுக்குக்காட்டியை வெளிக் குண்டுக்கு நேரே பிடித்தேன். என் பொட்டு இருந்தது. காய்ந்து, குளத்துச் சேறுபோல வெடித்து, உதிராமல் இருந்தது. மிஸ் பார்த்துவிட்டு, "சரி. துடைச்சு மூடுவம்" என்றார்.

"உள் குண்டையும் ஒருக்காப் பாக்கவேணும் மிஸ். ரெண்டையும் பாக்கிறதுதானே முறை."

"தேவையில்லை."

முறை தேவையில்லை என்று மிஸ் சொல்லி நான் கேட்டதில்லை. கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்து, பழக்கதோசத்தில் காட்டியை உள் குண்டின் பக்கம் திருப்பினேன். தங்கத்தின் மேல் சாம்பல் வெள்ளையாக ஒரு கீற்று. தூசியில்லை. தூசி இவ்வளவு நேராகப் படியாது.

"மிஸ், இதிலையும் என்னவோ கிடக்குது."

"திருநீறு" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அது என்ரை."

கதிரையை இழுத்து இருந்தார். பிறகு, ஒரு பிள்ளை வகுப்பில் ஒப்புக்கொள்வதைப்போலச் சொன்னார்.

"நீங்கள் கடலை தின்னப் போன நேரம் வந்தனான். மூண்டு தரம் அறுந்ததெல்லே. அம்மா கீரிமலையிலை இருந்து கொண்டுவந்து தந்த திருநீறு, கைப்பைக்குள்ளை கன மாசமாக் கிடந்தது. ஒருத்தரும் இல்லை. ஒரு துளி வைச்சால் என்ன எண்டு வைச்சிட்டன். புத்தகத்தைத் திறந்தனான். என்ன எழுதுறதெண்டு தெரியேல்லை, மூடிப்போட்டன்."

"அப்ப இந்த மூண்டு கிழமையும்..."

"படலையைக் கழட்டினன், பம்பை நிப்பாட்டினன், உங்களை வீட்டிலை நிக்கச் சொன்னன். பெட்டியைத் திறந்தால் நீங்கள் கண்டுபோடுவியள் எண்டு பயம். நீங்கள் தேத்தண்ணி கொண்டுவந்து கொண்டுவந்து நிக்கேக்கை, இந்த மனுசனுக்குத் தெரிஞ்சு போச்சு, வாயாலை சொல்லாமல் தேத்தண்ணியாலை கேக்குது எண்டு நினைச்சன்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. பத்து வருடத்தில் மிஸ் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெட்டிக்குள் இழை ஆடத் தொடங்கியதைக் கண்டுதான் நிறுத்தினோம்.

துடைப்பதும் தொடுவதுதான், ஆகவே முதலில் எழுத வேண்டும். மிஸ் புத்தகத்தை மடியில் வைத்து விஜயதசமித் திகதியைப் போட்டார். ஆர் தொட்டது என்பதில் தன் பெயர். எதைத் தொட்டது, உள் குண்டு. எதனால், மோதிரவிரல். காரணம் என்ற நிரலில் கொஞ்சம் யோசித்துவிட்டு 'பயம்' என்று எழுதினார். புத்தகத்தை என்னிடம் தந்தார். நான் அதற்குக் கீழே என் பெயர், வெளிக் குண்டு, ஈர்க்கு என்று எழுதி, காரணத்தில் 'மேற்படி' என்று போட்டேன்.

இனித் துடைக்க வேண்டும். முறைப்படி ஒன்றைத் துடைத்து, பெட்டியை மூடி, அளந்து பார்க்க வேண்டும். பிறகு மற்றதைத் துடைத்து அளக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றரை மடங்கு சந்தனத்தின் வேலையா திருநீற்றின் வேலையா என்று தெரியும். முதலாம் வருட மாணவனுக்கும் இது விளங்கும். இருவர் கையிலும் ஆளுக்கொரு பஞ்சுக் குச்சி. மிஸ் என்னைப் பார்த்தார். நான் மிஸ்ஸைப் பார்த்தேன்.

"நீங்கள் உங்கடை பக்கம் பிடியுங்கோ அருளண்ணை" என்றார். "மூண்டு எண்ணுறன்."

மூன்றில் இரண்டையும் ஒன்றாகத் துடைத்தோம்.

இழுவை பிறகு கணக்குச் சொன்ன அளவுக்கே வந்தது, கட்டுரையும் வெளிவந்தது, கடைசிப் பெயர் என்னுடையது. ஆனால் அதெல்லாம் நடக்க இன்னும் நாள் இருந்தது. அடுத்த நாள் கூட்டத்துக்கு எங்களிடம் இருந்தது துடைத்த இரண்டு குண்டும் வெட்கமும் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் திரையில் பதினொரு முகம் தெரிந்தது. நான் கமராவுக்குத் தெரியாத பக்கத்தில் வாங்கில் இருந்தேன். மிஸ் ஒன்றரை மடங்கு வரைபடத்தைக் காட்டி, இது பிழை என்று நேராகச் சொன்னார். குண்டுகள் இரண்டின் மேலும் மின் கடத்தாத படிவு இருந்தது, ஒன்று தான் தொட்டதால், மற்றது தன் உத்தியோகத்தர் தொட்டதால், இரண்டையும் எழுதாமல் விட்டது குற்றம், இப்போது எழுதியாகிவிட்டது என்றார். தன்னுடையதை முதலில் சொன்னார். என்ன படிவு என்று ஒருவர் கேட்டார். "உள்ளூர்ப் பொருள்" என்றார் மிஸ்.

பிறகு ஒரு நரைத்த தாடிக்காரர், அந்தக் கூட்டத்தில் பெரியவர் அவர்தான், இரண்டில் எந்தப் படிவு காரணம் என்று கேட்டார்.

"அதைச் சோதிக்கவில்லை."

ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்திருக்கலாமே, ஏன் பார்க்கவில்லை என்றார் அவர். நியாயமான கேள்வி.

மிஸ் திரையைப் பார்க்காமல் வாங்கில் இருந்த என்னை ஒருதரம் பார்த்தார். "நாங்கள் இருவரும் தொடர்ந்து சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது" என்றார்.

தாடிக்காரர் சிரித்துவிட்டு அடுத்த விசயத்துக்குப் போனார். எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. அது மிஸ்ஸுக்குத் தெரியும்.